கல்லிடுக்கில் ஒரு குட்டி மூக்கு

அத்தியாயம் 6: காட்டு ஸ்னாப்டிராகனையும் அதன் உட்பிரிவுகளையும் அடையாளம் காணும் முறை

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் ஒரு பழைய காரைச் சுவரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நகை ஆசாரிகள் வைத்திருக்கும் லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆடு பத்திக்கொண்டு போன ஆச்சி ஒருத்தி நின்றுவிட்டாள்.

"என்னத்தய்யா பாக்கிய? நகை கிகை விழுந்திட்டோ?"

"இல்ல ஆச்சி, செடி பாக்கேன்."

"இதுவா? இது பூண்டுல்லா. செவுத்துக்குச் செவுரு கெடக்கும். இதுக்குப் போயா இம்புட்டு நேரம்?"

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. 'பூண்டு' என்ற ஒரு சொல்லுக்குள் நம் ஊரில் பத்துக் குடும்பத்துச் செடிகள் அடக்கம். ஆடு மேய்க்க அந்தச் சொல் போதும். செடிக்குப் பெயர் வைக்கப் போதாது. அந்தப் பத்துக்குள்ளிருந்து ஒரு செடியைப் பிரித்தெடுப்பதும், பிரித்தபின் 'இது எந்த உட்பிரிவு' என்ற கேள்வியை அவசரமில்லாமல் கையாளுவதும்தான் இந்த அத்தியாயத்தில் நாம் பழகப்போவது.

எதைத் தேடுகிறோம்?

ஊட்டி மலர்க்காட்சிக்குப் போனவர்களுக்கு ஸ்னாப்டிராகன் தெரியும். நர்சரிக்காரர்கள் 'டாக் ஃபிளவர்' என்பார்கள். பூவின் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தினால் வாயைப் பிளக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். தாவரவியலில் அதன் பெயர் ஆன்டிரைனம் மாஜஸ். லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர். 'மூக்கைப் போன்றது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். தென்காசி வட்டாரத்தில் அது தொட்டியில் வளரும். தானாக முளைத்துக் காடாகாது.

ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உறவுக்காரன் இந்தியா முழுக்க, தமிழ்நாட்டுச் சமவெளியிலும் தாழ்ந்த குன்றுகளிலும், காய்ந்த பாறை வெடிப்பிலும் பழஞ்சுவரிலும் தொங்கிக்கொண்டிருக்கிறான். நானோரைனம் ராமோசிசிமம் என்பது இன்றைய பெயர். 'குட்டி மூக்கு' என்பது பேரினப் பெயரின் பொருள். 'கிளைமேல் கிளை' என்பது சிற்றினப் பெயரின் பொருள். இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே செடி கண்முன் வந்துவிடும்: நூல்நூலாகக் கிளைத்த ஒரு கொடி, அதில் மூக்குத்தி அளவுக்கு மஞ்சள் பூ. இந்த நூலில் வசதிக்காக இதை 'வால்பூக்கொடி' என்று அழைக்கிறேன். இது நான் வைத்த பெயர், ஊர்வழக்கு அல்ல. உங்கள் குறிப்பேட்டில் தாவரவியல் பெயரையே எழுதுங்கள்.

எங்கே, எப்போது?

குத்துக்கல் என்றால் நட்டமாக நிற்கும் கல். இந்தச் செடியைத் தேடக் கிளம்புகிறவருக்கு அந்த ஊர்ப்பெயரே நல்ல சகுனம். இங்கிருந்து இரண்டு திசைக்கு இரண்டு விதமான நிலம். மேற்கே போனால் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கும் ஈரப் பாறை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். கிழக்கே போகப்போக மலையின் நிழல் விலகி, வெயில் ஏறி, பனையும் மொட்டைப் பாறையுமாகக் காய்ந்த நிலம்.

வால்பூக்கொடி காய்ந்த பாறையின் பிள்ளை. எனவே முதல் விதி இது: தண்ணீர் வழிகிற பாறையில் மஞ்சள் பூவைக் கண்டால் சந்தேகப்படுங்கள், தண்ணீர் வழியாத வெடிப்பில் கண்டால் குனிந்து பாருங்கள். கிணற்றுக் கட்டு, பாலத்தின் கருங்கல் கட்டுமானம், இடிந்த மதில், வயல் ஓரத்துக் கல்வரப்பு ஆகியவை தேடத்தக்க இடங்கள். வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயத்திலிருந்து பிப்ரவரி வரை தேடுவது எளிது. சுவரில் ஈரம் கொஞ்சம் தங்கியிருக்கும். சுற்றியிருக்கும் புல் காய்ந்து வழிவிடும்.

கோயில் மதிலில் கண்டால் பார்ப்பதோடு நிறுத்துங்கள், பிடுங்கக் கூடாது. செண்பகாதேவி அருவிக்கு மேலே உள்ள காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிப்பது சட்டப்படி தவறு. நல்ல வேளையாக நம் செடிக்குக் காடு தேவையில்லை. ஊர்ச்சுவரே போதும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் சின்ன ஸ்கேல், ஒரு சவர பிளேடு, இரண்டு குண்டூசி, கட்டம் போட்ட நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், சாரலில் மை கரையும். கைபேசி இருக்கும், படம் எடுக்கப் பயன்படுத்துங்கள். செடியின் பெயர் சொல்லும் செயலியைத் திறந்தால், அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செயலி பூவின் நிறத்தையும் முகத்தையும் பார்க்கிறது. நாம் பார்க்கப்போவது பூவின் முதுகையும் காயின் வாயையும்.

ஏழு படிகள்

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒரு படியில் விடை 'இல்லை' என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அது நம் செடி அல்ல.

1. தண்டு. விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். வால்பூக்கொடியின் தண்டு உருண்டையானது, நூல்போல் மெல்லியது. கட்டையான வேர்த்தலையிலிருந்து பல கிளைகள் கிளம்பிப் படர்ந்தோ தொங்கியோ கிடக்கும். தண்டு நாலு பட்டையாகத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் தும்பைக் குடும்பம்.

2. இலை. அடியிலைக்குக் காம்பு நீளம், முகம் அகலம். சில சமயம் மடல் மடலாகப் பிளந்திருக்கும். மேலே போகப்போக இலை சிறுத்து, அடியில் இரண்டு காது நீண்ட அம்புமுனையாக மாறும். ஒரே கொடியில் இத்தனை வடிவமும் இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். இலைகள் கிளையில் பெரும்பாலும் மாற்றி மாற்றி அமைந்திருக்கும்.

3. பூக்காம்பு. ஒவ்வொரு பூவும் இலைக்கோணத்திலிருந்து தனியாக, தலைமயிர் போன்ற காம்பில் வரும். தோட்டத்து ஸ்னாப்டிராகனைப் போல் உச்சியில் கதிராக அடுக்கி நிற்காது.

4. பூவின் முகம். மஞ்சள். இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டிக் குழலாகி, நுனியில் இரண்டு உதடாகப் பிரியும். மேலுதட்டில் இரண்டு மடல், கீழுதட்டில் மூன்று. கீழுதட்டின் நடு மேடாக உப்பித் தொண்டையை அடைத்திருக்கும். இந்த மேட்டை 'அண்ணம்' என்போம். ஸ்னாப்டிராகன் கூட்டத்தின் கையெழுத்து இதுதான். குண்டூசியால் மெல்லக் கீழுதட்டை அமுக்கினால் வாய் திறக்கும்.

5. பூவின் முதுகு. இங்கேதான் பேரினம் முடிவாகிறது. பூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். கூர்மையான மெல்லிய வால் ஒன்று பின்னால் நீண்டிருந்தால் நானோரைனம். வால் இல்லாமல் அடியில் ஒரு பக்கம் மட்டும் தொப்பைபோல் புடைத்திருந்தால் ஆன்டிரைனம். வாலுக்குள் தேன் தங்கும். நீள நாக்குள்ள பூச்சிக்குத்தான் எட்டும்.

6. பூவின் உள். பிளேடால் நெடுக்காகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். மகரந்தத்தாள் நான்கு இருக்கும்; இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. புல்லிவட்டத்தில் ஐந்து பிளவு. சூலகம் இரண்டு அறை.

7. காய். பூ உதிர்ந்த கொடியில் முதிர்ந்த காயைத் தேடுங்கள். வால்பூக்கொடிக்குக் கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய். அறைக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் மூடிபோல் ஒரு துண்டு கழன்று விதை வெளியேறும். விதை சொரசொரப்பானது. ஆன்டிரைனத்தின் காய் கோணலானது. உச்சியில் துளை விழும். காய்ந்தபின் பார்த்தால் கண்குழியும் வாயும் உள்ள மண்டையோடு போலவே இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஏழு படியில் முதல் நான்கு சந்தேகத்தை எழுப்ப. கடைசி மூன்று சந்தேகத்தைத் தீர்க்க. பூவும் காயும் சேர்ந்து கிடைக்காத நாளில் முடிவு எழுதாதீர்கள். குறிப்பேட்டில் 'காய் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டு வாருங்கள்.

ஏமாற்றும் முகங்கள்

நான் முதல் வருஷம் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தருவிச் சாலையோரம் ஒழுகுகிற பாறையில் மஞ்சள் பூ. இரண்டு உதடு உண்டு, தொண்டையில் மேடு உண்டு, பின்னால் வாலும் உண்டு. 'கிடைத்துவிட்டது' என்று துள்ளிக்கொண்டு படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். அது யுட்ரிகுலேரியா. மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்துச் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னும் செடி. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 'காக்கப்பூ' என்பது இதன் இனத்தைத்தான். பூவின் முகத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். நான் பூவுக்குக் கீழே பார்க்கவில்லை, அதுதான் பிழை.

யுட்ரிகுலேரியா: பூத்தண்டு இலையில்லாமல் நட்டமாக மண்ணிலிருந்து எழும். புல்லிவட்டத்தில் இரண்டே மடல். மகரந்தத்தாளும் இரண்டுதான். ஈரம் காய்ந்தால் செடியே காணாமல் போகும்.

காசித்தும்பை இனங்கள்: குற்றாலத்து ஈரப்பாறைகளில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும். வால் உண்டு. ஆனால் அந்த வால் புல்லியிதழிலிருந்து வருகிறது, அல்லியிதழிலிருந்து அல்ல. தண்டு நீர்கோத்துப் பளபளக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்துச் சுருளும்.

தும்பை: உதடு இரண்டு, தண்டு நாலு பட்டை, பூ உதிர்ந்த புல்லிக்குள் நான்கு சிறு விதைத்துண்டு உட்கார்ந்திருக்கும். வெடிகனி கிடையாது.

ஆடாதோடை, நிலவேம்பு: இரண்டும் உதட்டுப் பூக்கள்தாம். இலைகள் எதிரெதிராக இருக்கும். காய் முற்றிப் படாரென்று பிளக்கும். விதையைத் தாங்கக் கொக்கி இருக்கும். நம் கொடியில் கொக்கி இல்லை.

கிலுகிலுப்பை: மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் தூரத்தில் இருந்து மயங்குகிறவர்கள் உண்டு. இதழ்களைப் பிரித்துப் பாருங்கள், தனித்தனியாக வரும். மகரந்தத்தாள் பத்து. காயை ஆட்டினால் கிலுகிலுக்கும். அது அவரைக் குடும்பம்.

லிண்டர்னியா இனங்கள்: வயல் வரப்பிலும் கால்வாய் ஓரத்திலும் கிடக்கும் சின்னஞ்சிறு உதட்டுப் பூக்கள். இலை எதிரிலை, வால் கிடையாது. முன்பு ஸ்னாப்டிராகனோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இன்று தனிக் குடும்பம்.

இன்னொரு பக்கம், முகம் ஒட்டாத சொந்தக்காரர்களும் உண்டு. குளத்தோரம் படரும் நீர்ப்பிரம்மி, தரிசில் நிற்கும் சர்க்கரைவேம்பு ஆகிய இரண்டும் வால்பூக்கொடியோடு இன்று ஒரே குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. ஆனால் நீர்ப்பிரம்மியின் பூ ஏறத்தாழச் சமமான ஐந்து மடலாக விரியும். சர்க்கரைவேம்புக்கு நான்கு மடல், நடுவில் வெள்ளை மயிர். உறவுக்கும் முகச்சாயலுக்கும் எப்போதும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் பார்க்காததா!

நர்சரிகளில் 'சம்மர் ஸ்னாப்டிராகன்' என்று விற்கப்படும் ஏஞ்சலோனியாவும் இதே குடும்பம்தான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதன் வாய் திறந்தே இருக்கும். அண்ணம் தொண்டையை அடைக்காது.

துணைச்சிற்றினம் என்றால் என்ன?

இனி அத்தியாயத்தின் கடினமான பகுதி. சிற்றினத்தைக் கண்டுகொண்டவர்கள் உடனே கேட்பது: 'இதில் எந்த வகை?'. இதற்கு விடை சொல்லப் பழக, தோட்டத்து ஸ்னாப்டிராகனின் தாயகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் பிரனீஸ் மலைத்தொடர். அங்கே ஆன்டிரைனம் மாஜஸ் இரண்டு முகத்தோடு நிற்கிறது. துணைச்சிற்றினம் சூடோமாஜஸ்: பூ அடர்ந்த மெஜந்தா, அண்ணத்தில் மட்டும் சிறு மஞ்சள் திட்டு. துணைச்சிற்றினம் ஸ்ட்ரையேட்டம்: பூ மஞ்சள், மேலுதட்டில் மெஜந்தா நரம்புக் கோடு. இரண்டு பூவுக்கும் வருவது தேனீக்கள்தாம். நிறக்கோலம் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்கிறது: வாசல் எங்கே என்று தேனீக்குக் காட்டுகிறது.

இரண்டும் சந்திக்கும் பள்ளத்தாக்கில் கலப்புச் செடிகள் முளைக்கின்றன. இளஞ்சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு என்று நினைத்த நிறமெல்லாம் வரும். ஆனால் அந்தக் கலப்புப் பட்டையின் அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் மெஜந்தா, மறுபக்கம் மஞ்சள். மெஜந்தாவைப் பூசுவதில் ரோசியா என்னும் மரபணுப் பகுதிக்கும், மஞ்சளை எங்கே நிறுத்துவது என்பதில் சல்ஃபூரியா என்னும் பகுதிக்கும் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த நிறப் பகுதிகளை விட்டால் இரண்டு கூட்டத்தின் மரபும் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கிறது. இவற்றைத் துணைச்சிற்றினம் என்பாரும் உண்டு. தனிச் சிற்றினம் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

வேறு துணைச்சிற்றினங்களைப் பிரிப்பது நிறமே அல்ல. டார்ச்சுவோசம் என்பதற்கு 'முறுக்கியது' என்று பொருள், இலை குறுகலானது. சிர்ரிகெரம் என்பதற்கு 'பற்றுச்சுருள் உடையது' என்று பொருள். போர்ச்சுகல் கடற்கரை மணலில் பக்கக் கிளைகளால் அக்கம்பக்கத்துச் செடியைப் பற்றி ஏறும்.

இதிலிருந்து நமக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன.

ஒன்று: துணைச்சிற்றினம் என்பது ஒரு செடியின் அடையாளம் அல்ல, ஓர் இடத்துக் கூட்டத்தின் அடையாளம். ஒற்றைச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அந்தச் செடியோடு நிற்கும் கூட்டமும் அது நிற்கும் எல்லையும் தெரிய வேண்டும்.

இரண்டு: நிறம் ஒரு குணம் மட்டுமே. கலப்புப் பட்டையில் நின்றுகொண்டு நிறத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால், ஒரே சரிவில் ஐந்து பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்று: நர்சரித் தொட்டியில் இருப்பதற்குத் துணைச்சிற்றினப் பெயர் வேண்டாம். அந்த நிறங்களை மனிதர் பொறுக்கிக் கலந்து உண்டாக்கினார்கள். அவற்றுக்குச் சொந்த மலை கிடையாது.

ஒற்றைச் செடியை நம்பினால் எவ்வளவு பெரியவரும் தடுமாறுவார் என்பதற்கு லின்னேயஸே சாட்சி. 1742-இல் ஸ்வீடனில் ஒரு மாணவர் லினேரியா செடி ஒன்றைக் கொண்டுவந்தார். லினேரியாவும் ஸ்னாப்டிராகன் கூட்டம்தான். பூவுக்கு ஒரு வால் உண்டு. இந்தச் செடியின் பூவிலோ உதடே இல்லை. சமச்சீராக ஐந்து வால். லின்னேயஸ் அசந்துபோய் அதற்குப் 'பெலோரியா' என்று பெயரிட்டு 1744-இல் அதைப் பற்றி வெளியிட்டார். கிரேக்கத்தில் அதற்குப் பொருள் அரக்கன். உண்மையில் அது புதுச் செடி இல்லை. பூவுக்கு மேல்கீழ் உணர்த்தும் ஒரு மரபணு வாயடைத்துக் கிடந்ததால் வந்த விளைவு என்று 1999-இல் விளங்கியது. உங்கள் சுவரிலும் ஒருநாள் வாலில்லாத பூவோ இரட்டை வால் பூவோ கண்ணில் படலாம். படம் எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பெயர் சூட்டாதீர்கள்.

பத்துச் செடிச் சோதனை

வால்பூக்கொடிக்கு இந்த விதிகளை எப்படிப் பொருத்துவது? ஒரு சுவரிலோ பாறையிலோ குறைந்தது பத்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள். அழகாக இருப்பதைப் பொறுக்காதீர்கள். வரிசையாக வருவதை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து அளவு: அடியிலிருந்து மூன்றாவது இலையின் நீளம், அதன் அகலம், பூக்காம்பின் நீளம், வாலின் நீளம், தண்டில் மயிர் எவ்வளவு. மயிருக்கு 'இல்லை, கொஞ்சம், அடர்த்தி' என்று மூன்று நிலை போதும். வெயில் படும் பக்கமா, நிழல் பக்கமா என்பதையும் எழுதுங்கள். நிழலில் வளரும் இலை அகலமாகவும் மெல்லிசாகவும் வரும். வெயிலில் தடித்துச் சிறுக்கும். இதைத் தனி வகை என்று எண்ணி ஏமாறுவது சாதாரணம்.

பிறகு அதே அளவுகளை இன்னொரு ஊரில், குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மறுபடி எடுங்கள். எண்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக இடைவெளியில்லாமல் தொடர்ந்து போனால், அது ஒரே சிற்றினத்தின் இயல்பான ஏற்ற இறக்கம். இரண்டு கொத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு கொத்தும் ஒவ்வொரு இடத்துக்கு உரியதாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு யோசிக்க இடமுண்டு.

மயிரைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வால்பூக்கொடியின் பங்காளிச் சிற்றினமான நானோரைனம் இன்கானம் மேற்கிந்தியாவின் வறண்ட பகுதிகளில் வளர்வது. உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுமயிர். 'இன்கானம்' என்றாலே நரைத்தது என்று பொருள். நம் பக்கத்துக் கொடியில் லேசான மயிர் இருப்பதைப் பார்த்து அந்தப் பெயரை எழுதிவிடக் கூடாது. நரைத்த தலைக்கும் நாலு நரைமயிருக்கும் உள்ள வித்தியாசம் இது.

பழைய நூலில் தேடும்போது

ஒரு செடிக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த வாலிச் 1831-இல் வால்பூக்கொடியை லினேரியா ராமோசிசிமா என்று வெளியிட்டார். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த, 1915 முதல் 1936 வரை வெளியான சென்னை மாகாணத் தாவர நூலில் லினேரியா என்ற பேரினத்தில் தேடுங்கள். பிற்காலத்து நூல்களில் கிக்ஸியா ராமோசிசிமா. 1984-க்குப் பின் நானோரைனம். குடும்பமும் மாறிவிட்டது. பழைய நூலில் ஸ்க்ரோஃபுலேரியேசி. மரபணு ஆய்வுக்குப் பின் பிளாண்டாஜினேசி. மாறியது பெயர்தான், சுவரில் தொங்கும் செடி அதே செடி.

குற்றாலத்துக்குத் தாவரவியலில் பழைய பெருமை உண்டு. 1830-களில் ராபர்ட் வைட் இங்கே செடி சேகரித்தார். அவருடைய நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் படம் வரைந்தார்கள். அந்தக் கால மாதிரிகளின் சீட்டைப் படிக்கும்போது இடப்பெயரில் கவனம் வேண்டும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-இல்தான் உதயமானது. அதற்கு முந்தைய சீட்டில் திருநெல்வேலி என்றே இருக்கும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஆகவே இன்று கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் போகிற ஊர்ச் செடி, பழைய ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகத்தில்) வேறொரு நாட்டின் அடுக்கில் இருக்கலாம்.

மாதிரி எடுப்பது

இருபது செடி இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். அதுவும் தனியார் இடமானால் உரிமையாளரைக் கேட்டு. பூவும் காயும் உள்ள கொடியாகத் தேர்ந்து, செய்தித்தாளில் பரப்பி, ஒரு பூவின் முதுகு மேலே தெரியும்படி வைத்து, பலகைக்கிடையில் அழுத்துங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். சாரல் காலமானால் இரண்டு வேளை. இந்த மெல்லிய பூ காய்ந்தால் உருக்குலையும். எனவே இரண்டு பூவைத் தனியாக 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு சிறு குப்பியில் போட்டு, குப்பிக்கும் தாளுக்கும் ஒரே எண் கொடுங்கள்.

சீட்டில் எழுத வேண்டியவை: தேதி, ஊர், ஜிபிஎஸ் எண்கள், பாறையா சுவரா, எந்தத் திசை பார்த்தது, உயிரோடு இருந்தபோது பூவின் நிறம், பக்கத்தில் எத்தனை செடி நின்றன. காய்ந்தபின் நிறம் போய்விடும். மற்றவற்றையும் நினைவிலிருந்து மீட்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாவிட்டால் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடுங்கள். ஊரும் தேதியும் பத்துச் செடியின் அளவும் இருந்தால், அந்தப் பெயரை இன்னும் ஐம்பது வருஷம் கழித்து வேறொருவர் நிரப்பிக்கொள்வார். ஊரும் தேதியும் இல்லாமல் பெயர் மட்டும் எழுதப்பட்ட மாதிரியை யாராலும் சரிபார்க்க முடியாது. ஆச்சி சொன்ன 'பூண்டு' அதைவிட மேல். அதில் பொய் இல்லை.